மாலையிட்ட படமும் காணி உறுதியும்: காந்தீயம் டேவிட், இராசசுந்தரம் நினைவுகூரல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

எஸ். ஏ. டேவிட் 2015 ஒக்ரோபர் 11ஆம் திகதி கிளிநொச்சியில் காலமானபோது அவருக்கு வயது 91. தீவகத்துக் கரம்பொன் அவருடைய ஊர். மெல்பேர்ணில் கட்டடக்கலை படித்தவர். கென்யாவின் மொம்பாசாவில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தவர். எழுபதுகளில் நாடு திரும்பி, தேடிய பணத்தையும் மிச்ச உழைப்பையும் காணியில்லாத சனத்துக்கென்றே கொடுத்தார். அவருக்குத் தோள் கொடுத்து நின்றவர் வவுனியாவில் வைத்தியராக இருந்த டொக்டர் இராசசுந்தரம். காந்தீயம் என்ற அமைப்பை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள்.

டேவிட் ஐயா மறைந்த கிழமை யாழ்ப்பாணத்தில் நான் கேட்ட பேச்சுகள் எல்லாவற்றிலும் அவர் 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் தப்பியவர், மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியே வந்தவர், சென்னையில் முப்பது வருடத்துக்கு மேல் தனித்து வாழ்ந்தவர். அத்தனையும் உண்மை. ஆனால் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதற்கு அந்தப் பேச்சுகளில் ஒரு வரிக்கு மேல் இடம் கிடைக்கவில்லை.

இந்த ஆய்வுக்கு அதுதான் விசயம். வீட்டுக்கும் காணிக்கும் சம உரிமைக்கும் உழைத்து மறைந்தவர்களை யாழ்ப்பாணம் எப்படி நினைவுகூருகிறது, அந்த நினைவுகூரல் அவர்கள் பாதியில் விட்டுப்போன வேலைக்கு எந்தளவுக்குக் கைகொடுக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய சாவை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவர்களுடைய வேலையைக் கைவிட்டுவிட்டோம். அந்த வேலை முடியாமல் கிடப்பதால், அடுத்தவர் காணியில் கொட்டில் போட்டு இருக்கிற குடும்பங்கள் இன்றைக்கும் அதற்கு விலை கொடுக்கின்றன.

காந்தீயம் செய்த வேலை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்ட வேலைக்கென இந்தியாவில் இருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் வந்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதிக்கொண்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977 ஓகஸ்டில் வன்செயல் வெடித்தது. ஒவ்வொரு முறையும் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வடக்கே வந்து இறங்கின. அவர்களிடம் வாக்கும் இல்லை, காணியும் இல்லை. குடியுரிமை இல்லாதவருக்கு அரச காணியில் அனுமதிப்பத்திரமும் கிடையாது. அவர்களைப் பொறுத்தவரை குடியுரிமையும் குடியிருக்கும் உரிமையும் ஒன்றாகவே பறிபோயிருந்தன.

காந்தீயம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. வந்தவர்களைப் பாடசாலை மண்டபங்களில் இருத்திச் சோற்றுப் பார்சல் கொடுத்து அனுப்பிவிடவில்லை. காணி பார்த்தது. காடு வெட்டிக் குடும்பங்களை இருத்தியது. கிணறு, விதை, முன்பள்ளி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தது. முன்பள்ளிக்கு ஊர்ப் பெண்பிள்ளைகளையே பயிற்றுவித்து ஆசிரியராக்கியது. வவுனியாவில் இருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வரை அதன் வேலை பரந்தது. வெளிநாட்டு நகரமொன்றின் கட்டடங்களைத் திட்டமிட்ட கை அது. கடைசியில் அந்தக் கை அக்கறைப்பட்டது, காட்டுத்தடியும் மண்ணும் கொண்டு ஒரு குடும்பம் தானே எழுப்பிக்கொள்ளக்கூடிய கொட்டிலில். டேவிட் ஐயாவின் வாழ்க்கையில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இது.

அரசாங்கம் இதைத் தொண்டாகப் பார்க்கவில்லை. வடக்கையும் கிழக்கையும் இணைக்கிற நிலத்தில் தமிழ்க் குடும்பங்கள் வேர்விடுவதை அது எல்லைப் பிரச்சினையாகப் பார்த்தது. காந்தீயத்துக்குள் ஆயுத இயக்கத்தவர்கள், குறிப்பாகப் புளொட் அமைப்போடு தொடர்புள்ளவர்கள், வேலை செய்தார்கள் என்பதும் உண்மை. அதை மறைத்து எழுதுவது அந்த இருவருக்கும் செய்கிற மரியாதை ஆகாது. 1983 ஏப்ரலில் இருவரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள், தடுப்புக்காவலில் வதைக்கப்பட்டார்கள்.

யூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, 27ஆம் திகதி, மேலும் 18 பேர். இராசசுந்தரம் அந்த இரண்டாம் நாளில் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் பிறகு பதிவுசெய்த சாட்சியம் இருக்கிறது. கதவை உடைத்துக்கொண்டு கூட்டம் வந்தபோது இராசசுந்தரம் முன்னால் போய் நின்று அவர்களோடு பேசியிருக்கிறார். நாங்கள் கொலைகாரரோ கொள்ளைக்காரரோ இல்லை, அகிம்சையை நம்புகிறவர்கள், பௌத்தர்களான நீங்கள் இப்படிக் கொல்லலாமா என்ற கருத்தில் மன்றாடியிருக்கிறார். அவரை வெளியே இழுத்து அடித்தே கொன்றார்கள். டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்ரெம்பர் 23ஆம் திகதிச் சிறையுடைப்பில் தப்பி, இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர்கள் குடியேற்றிய மக்களுக்கு என்ன நடந்தது என்பது இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. முல்லைத்தீவு மாவட்டத்து டொலர் பாம், கென்ற் பாம் இரண்டிலும் இருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் விரட்டப்பட்டன. அந்த இடத்தில் சிங்களக் கைதிகளைக் குடும்பங்களோடு கொண்டுவந்து இருத்தினார்கள். 1984 நவம்பர் 30ஆம் திகதி புலிகள் நடத்திய தாக்குதலில் அந்தக் கைதிகளும் குடும்பத்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அடைக்கலமாகத் தொடங்கிய காணி ஒரு வருடத்துக்குள் விரட்டலையும் படுகொலையையும் பார்த்துவிட்டது. வெலிக்கடை நினைவு நாளில் இந்தக் குடும்பங்களின் பெயரை யாராவது சொல்லி நான் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்துக்குள் இருந்த குடிகள்

காணியில்லாத பிரச்சினை வன்னிக்கும் மலையகத்தாருக்கும் உரியது, குடாநாட்டில் எல்லோருக்கும் வளவு உண்டு என்றொரு நினைப்பு எங்களிடம் இருக்கிறது. அது பிழை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரில் பெருந்தொகையானோர் தலைமுறை தலைமுறையாகக் கமக்காரரின் காணியில்தான் குடியிருந்தார்கள். தேநீர்க்கடைக்குள் போய் வாங்கில் இருந்தால், கோயில் வாசலில் கால் வைத்தால், செத்த வீட்டுக்குப் பறையடிக்க மறுத்தால், முதலில் வரும் தண்டனை வளவை விட்டு எழும்பச் சொல்வது. கொட்டில்களுக்கு நெருப்பு வைத்த கதைகள் ஊரூராக உண்டு. குடியிருக்கிற நிலம் தன்னுடையதாக இல்லாதவன் மற்ற எந்த உரிமையைக் கேட்பதற்கும் இரண்டு தரம் யோசிக்க வேண்டியிருந்தது.

யோசித்த பிறகும் கேட்டவர்கள் இருந்தார்கள். 1927இல் யோவேல் போல் முன்னின்று ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். பாடசாலைகளில் சம ஆசனம் கேட்ட காலத்தில், 1930ஐ ஒட்டி, பாடசாலைகளே எரிக்கப்பட்டன. 1944 செப்ரெம்பரில் வில்லூன்றி மயானத்தில் பிணம் எரிக்கப் போன இடத்தில் முதலி சின்னத்தம்பி சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் அதன் தலைவர்களில் ஒருவரான எம். சி. சுப்பிரமணியமும் நடத்திய நீண்ட போராட்டம், 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம், நிச்சாமத்தில் நடந்த போராட்டம், 1968இன் மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டம். இந்த வரிசை ஓரளவுக்குத் தெரிந்ததுதான்.

இதில் ஒரு விசயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1957இன் சட்டம் கடையையும் கிணற்றையும் கோயிலையும் பாடசாலையையும் பற்றிப் பேசியது. குடியிருக்கும் வளவைத் தொடவில்லை. கோயில் கதவு திறந்தது, தேநீர்க்கடையில் எல்லோருக்கும் ஒரே குவளை வந்தது, ஆனால் கொட்டில் நின்ற காணி கமக்காரருடைய உறுதியிலேயே இருந்தது. அந்தப் போராட்டக்காரரில் பலர் இதை அன்றைக்கே அறிந்திருந்தார்கள். நிலமற்றவன் பெறுகிற சமத்துவம் அரைவாசிச் சமத்துவம் என்பதே அவர்களுடைய இடதுசாரி அரசியலின் அடிப்படை.

அவர்களை நாங்கள் எப்படி நினைவுகூருகிறோம்? கே. டானியல் 1986இல் தஞ்சாவூரில் காலமானார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். எழுத்தாளர் என்ற வகையில் அவருக்கு ஒரு இடம் இருக்கிறது. வெகுஜன இயக்கத்தின் அமைப்பாளர் என்ற வகையில் அவரைத் தெரிந்த இளம் ஆட்கள் அருமை. சின்னத்தம்பியின் பெயர் அவருடைய ஊரோடு நின்றுவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்செடுத்தாலும் யார் சுட்டது என்ற வாதத்திலேயே நேரம் போய்விடுகிறது. போக்கிடமற்ற பெண்களுக்காகப் பூரணி இல்லத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதைச் சொல்ல நேரம் மிஞ்சுவதில்லை. ஒரு பெண்ணுக்கு இரவு தங்கப் பாதுகாப்பான கூரை வேண்டும் என்பது வீட்டுரிமையின் மிக அடிப்படையான கோரிக்கை இல்லையா?

ஒரு நினைவுக் கூட்டம்

வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் டேவிட் ஐயாவுக்கும் இராசசுந்தரம் டொக்டருக்கும் ஒரு யூலை மாதம் நடந்த அஞ்சலிக் கூட்டத்தை இங்கே நிகழ்வாக எடுத்துக்கொள்கிறேன். ஏற்பாட்டாளரில் நானும் ஒருவன். ஊரையும் ஆட்களையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

இரண்டு படத்துக்கும் மாலை போட்டு, குத்துவிளக்கு வைத்து, பிளாஸ்ரிக் கதிரைகள் அடுக்கியிருந்தோம். கிராம சேவகரை விளக்கேற்ற அழைத்திருந்தோம். விளக்கேற்றப் போகிற நேரத்தில் ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். பக்கத்து நலன்புரி முகாமில் இருப்பவர்.

“விதானையார், ஒரு கையெழுத்துத்தான். நாளைக்குப் பேரப்பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தில குடுக்கோணும்.”

“கொஞ்சம் இருங்கோ அம்மா, விளக்கேத்தி முடியட்டும்.”

அவர் பின் வரிசையில் இருந்தார். மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் குடும்ப அட்டை, வாக்காளர் இடாப்பின் போட்டோப் பிரதி, இடம்பெயர்ந்தவர் என்று எப்போதோ கொடுத்த கடிதம், நாலாக மடித்து மடிப்பு கிழிந்து சலோரேப் ஒட்டிய ஒரு நிவாரண அட்டை. வெலிக்கடையைப் பற்றிய நீண்ட பேச்சு முழுவதையும் அவர் கேட்டார். கூட்டம் முடிந்த பிறகு கிராம சேவகர் மேசையோரமாக நின்றே படிவத்தை நிரப்பினார். பெயர், வயது, வதியும் காலம் எல்லாம் எழுதி, காணி உரித்து என்ற இடத்துக்கு வந்ததும் நீலப் பேனையால் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அவர் நல்ல மனிசன்; அந்த முகாமுக்காகப் பல கந்தோர் ஏறி இறங்கியவர். படிவத்தில் அவர் எழுதக்கூடிய விடை அது ஒன்றுதான்.

பிறகு அந்த அம்மாவோடு கதைத்தேன். வலிகாமம் வடக்கில் இருந்து 1990 யூனில் ஓடி வந்த குடும்பம். அங்கேயும் அவர்களுக்குச் சொந்தக் காணி இருந்ததில்லை. தகப்பன் காலத்தில் இருந்து கமக்காரர் ஒருவரின் தோட்டக் காணியின் மூலையில் குடியிருந்தார்கள். இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்தில் இருந்து அந்தக் காணி விடுவிக்கப்பட்டபோது அது சட்டப்படி கமக்காரரின் வாரிசுகளிடம் போய்ச் சேர்ந்தது. சரியான காரியம்தான். ஆனால் இவர்களுக்குத் திரும்பிப் போக எதுவும் விடுவிக்கப்படவில்லை. இப்போது முகாம் இருக்கிற காணியும் தனியாருடையது. அதன் சொந்தக்காரர் வெளிநாட்டில். அவர் சார்பில் வருகிற உறவினர் ஒவ்வொரு தரமும், “எப்ப எழும்பப் போறியள்?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

டேவிட் எந்தச் சனத்துக்காக உழைத்தாரோ அந்தச் சனத்தில் ஒருவர், அவருடைய அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பின் வரிசையில் காத்திருந்தார். மேடையில் இருந்த எங்களில் ஒருவரும் காணியைப் பற்றிப் பேசவில்லை.

படிவம் எங்கே தடுக்கிறது

போருக்குப் பிறகு வடக்கில் வீடே கட்டப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீட்டுத் திட்டம் இந்திய அரசின் நன்கொடை. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய அதன் பெரும் பகுதியில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, பயனாளியே கட்டிக்கொள்ள, தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. அத்திவாரம் போட்டு முடிந்தால் அடுத்த தவணை, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. காசு போதாமல் நகையை அடகு வைத்துக் கூரை போட்டவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் வீடு எழும்பியது. ஆனால் அந்த வீட்டைக் கட்ட ஒரு காணி வேண்டும், அது தன்னுடையது என்று காட்ட உறுதியோ அனுமதிப்பத்திரமோ வேண்டும். காணி உரித்து இல்லை என்று எழுதப்பட்ட படிவம் பயனாளி தெரிவுக்கே போகாது. மிகவும் ஏழையான குடும்பம் முதலாவது கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது.

பிறகு அரசாங்கம் வடக்கு கிழக்கில் கட்டத் திட்டமிட்ட 65,000 உருக்கு வீடுகள் பற்றிய சர்ச்சை வந்தது. ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாம், எங்கள் வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் உருக்கு ஒத்துவராது என்று இங்குள்ள கட்டடக் கலைஞர்களும் சமூக ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது, திட்டமும் நின்றது. ஆனால் உருக்கா கல்லா என்று நாடே விவாதித்தபோதும், வீட்டை வைக்க இடமில்லாதவன் எங்கே வைப்பான் என்ற கேள்வி ஓரமாகவே கிடந்தது.

அரச காணி கொடுக்கலாம்தானே என்று கேட்பார்கள். வன்னியில் அது ஓரளவு சாத்தியம். குடாநாட்டில் காணி மிகப் பெரும்பாலும் தனியாருடையது. காசு கொடுத்து வாங்குவதென்றால் புலம்பெயர்ந்தவர்களின் பணம் ஏற்றிவிட்ட விலையில் கூலி வேலை செய்கிறவரால் ஒரு பரப்பைக்கூட நினைத்துப் பார்க்க முடியாது. ஒரு பரப்பு என்பது ஏறக்குறைய பத்துப் பேர்ச். ஒரு சின்ன வீடு, கிணறு, மலசலகூடம், நாலு தென்னை வைக்க இரண்டு பரப்பு தாராளம்.

சட்டமும் இருபக்கமும் வெட்டுகிறது. பத்து வருடம் தடையின்றி ஆட்சி செய்தால் உரித்துக் கோரலாம் என்பது இலங்கையின் பழைய ஆட்சியுரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, போரினால் தன் காணிக்கு வரமுடியாமல் போனவருக்கு எதிராக எண்ணக்கூடாது என்றது. இடம்பெயர்ந்த சொந்தக்காரரைக் காப்பாற்ற அது தேவையான சட்டம், அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதே காலத்தில் இன்னொருவர் காணியில் பிள்ளை பெற்று வளர்த்துப் பேரப்பிள்ளையும் கண்ட காணியில்லாத குடும்பத்துக்கு மாற்றாக என்ன என்று யாரும் எழுதவில்லை.

கிளிநொச்சியில் கதை வேறு உருவம் எடுக்கிறது. மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் போன்ற ஊர்களில் பெருமளவு மலையக வழிவந்தவர்கள் வாழ்கிறார்கள். வன்னியில் காணி பங்கிட்ட காலத்தில் மத்தியதர வகுப்பினருக்கு அரச காணி கொடுத்த திட்டத்தில் ஏக்கர் கணக்காகப் பெற்றவர்களில் யாழ்ப்பாணத்துப் படித்தவர்கள் பலர். உறுதி ஒருவரிடமும் மண்வெட்டி இன்னொருவரிடமும் இருந்த நிலை அங்கே தொடங்கியது. 2003இன் சட்டத்தோடு நாடற்றிருந்த மலையகத்தாருக்குக் குடியுரிமை வந்துவிட்டது. காணிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன.

ஏன் பேசாமல் விடுகிறோம்

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எங்கள் குழுவுக்குள் இதைப் பற்றி மனம்விட்டுக் கதைத்தோம். இயக்க அரசியல் ஒரு காரணம் என்றார்கள் சிலர். புளொட்டோடு பெயர் சேர்ந்த எவரையும் பற்றி நீண்ட காலம் இங்கே வாய் திறக்க முடியவில்லை. திறக்கக்கூடிய காலம் வந்தபோது நினைவில் மிஞ்சியிருந்தது வெலிக்கடை மட்டும்தான். இதில் உண்மை இருக்கிறது. சாவு எல்லோரையும் ஒன்றாக்குகிறது, காணி எங்களைப் பிரித்துவிடும் என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அதிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் எனக்கு முதன்மையாகப் படுவது வேறு. சிறைச்சாலைப் படுகொலைக்குப் பொறுப்பாளி கொழும்பில் இருக்கிறார். அவரை நோக்கி விரல் நீட்டலாம், நீட்டவும் வேண்டும். காணி இல்லாததற்குப் பொறுப்பு என்று வரும்போது அந்த விரல் எங்கள் வேலிக்குள்ளும் திரும்புகிறது. எங்கள் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். பூட்டிக் கிடக்கிற வீடுகள், பற்றை பிடித்த வளவுகள், டெங்குக்காக வாசலில் ஒட்டிய சிவப்பு அறிவித்தல். சொந்தக்காரர் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும். அவர்களில் பலர் நல்லவர்கள், கோயிலுக்கும் பாடசாலைக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள். அந்த வளவுக்கு மூன்று ஒழுங்கை தள்ளித் தகரக் கொட்டிலில் ஒரு குடும்பம் முப்பது வருடமாக இருக்கிறது என்பதை அவர்களிடம் யாரும் நேராகச் சொன்னதில்லை. சாதி இதற்குள் இருக்கிறது. முகாம்களில் கடைசிவரை மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரிந்த, மேடையில் மட்டும் சொல்லப்படாத உண்மை. இன்னாருக்குக் காணி கொடுத்தால் அயலட்டையில் என்ன சொல்வார்கள் என்ற பயம் இன்னும் சாகவில்லை. 2017இல் புத்தூர் மேற்கின் கலைமதிக் கிராமத்தவர்கள் குடிமனைகளுக்கு நடுவில் இருக்கிற மயானத்தை எடுக்கச் சொல்லி நீண்ட நாள் போராடியபோது, வில்லூன்றிக்குப் பிறகு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

டேவிட் கரம்பொன்னில் பிறந்த, படித்த, வசதியான யாழ்ப்பாணத்தார். மலையகத்துக் கூலித் தொழிலாளிக்குக் காணி பிடித்துக் கொடுக்கப் போனதுதான் அவர் உடைத்த பெரிய வேலி. அவரை வெலிக்கடைக்குள் மட்டும் வைத்து நினைவுகூருகிறவரை அந்த வேலியைப் பற்றி நாங்கள் பேசத் தேவையில்லாமல் போகிறது.

பிறகு செய்தது

அடுத்த வருடம் கூட்டத்தின் ஒழுங்கை மாற்றினோம். காலையில் காணி ஆலோசனை, பின்னேரம் அஞ்சலி. நொத்தாரிஸ் ஒருவரும் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரும் சம்பளமின்றி வந்து இருந்தார்கள். படங்கள் அதே இடத்தில்தான் இருந்தன. அதற்குக் கீழே மேசை போட்டோம். வந்தவர்களில் பாதிப்பேரிடம் வதிவிடத்தைக் காட்டக்கூடிய ஒழுங்கான கடிதமே இல்லை. முதலில் அதைச் சரிசெய்தோம். அடுத்தவர் காணியில் இருக்கிற குடும்பங்களை ஒரு கொப்பியில் பதிந்தோம்: யாருடைய காணி, எப்போது வந்தவர்கள், சொந்தக்காரர் எங்கே, வாய்மொழி இணக்கம் ஏதும் உண்டா.

பிறகு காணிச் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதினோம். காணி இனாமாகக் கேட்டு மட்டும் எழுதவில்லை. நன்கொடை உறுதி, நீண்டகாலக் குத்தகை, தவணைக்கு விற்பது என்று மூன்று வழியையும் சொல்லி, எதற்கு என்ன பத்திரம் வேண்டும் என்றும் எழுதினோம். கோயில் தருமகாணி வைத்திருக்கிற பரிபாலன சபைகளுக்கும் தேவாலயங்களுக்கும் அனுப்பினோம். பலர் பதில் போடவில்லை. கோபித்துத் தொலைபேசி எடுத்தவர்களும் உண்டு. சிலர், இப்படி ஒரு குடும்பம் எங்கள் காணியில் இருப்பதே தெரியாது என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்கள்.

ஒருவர் ஒத்துக்கொண்டார். தாய்வழிச் சீதனக் காணி, எட்டுப் பரப்பு, நாலு குடும்பத்துக்கு இரண்டிரண்டு பரப்பாகத் தரலாம் என்றார். அங்கேதான் எங்களுக்கு அடுத்த பாடம். அது பிரிபடாத பங்குக்காணி. சகோதரங்கள் ஆறு பேர், மூன்று நாட்டில். முழுக் காணியையும் கொடுப்பதென்றால் பங்காளிகள் ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும். இரண்டு பேர் பெண்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் மணமான பெண் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதமும் வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் அந்தந்த நாட்டில், தன் சார்பில் கையெழுத்து வைக்க இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி, இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்ப வேண்டும். அளவைப்படம், பிரிவிடு உறுதி, பிறகு நாலு நன்கொடை உறுதி, காணிப் பதிவகத்தில் பதிவு.

உறுதி யாருடைய பெயரில் என்பதிலும் பிடிவாதமாக நின்றோம்: கணவன் மனைவி இருவர் பெயரிலும், கணவன் இல்லாத வீட்டில் பெண்ணின் பெயரில். நாலு குடும்பத்தில் ஒன்று, கூட்டத்தின் பின் வரிசையில் இருந்த அந்த அம்மாவுடையது.

சேவயர் வந்து அளந்து எல்லைக்கல் போட்டுவிட்டார். நாலு பேரின் அற்றோணித் தத்துவம் கையில் இருக்கிறது, இரண்டு வரவேண்டும். அந்த இருவருக்கும் காந்தீயத்தைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதி, நாலு குடும்பத்தின் விபரத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். இதே நிலையில் பங்குக்காணி வைத்திருப்பவர்கள் தொடங்குவதென்றால் முதலில் தாய் உறுதியின் பிரதியையும் காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதியையும் எடுத்து, உயிரோடிருக்கிற பங்காளிகள் அனைவரின் பெயரையும் எழுதிக்கொண்டு நொத்தாரிஸிடம் போகவும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.